ராயக்கோட்டையும் இருநூறு மெகாபிக்சலும்

போன மாசம் ஒருவழியா அந்த போனை வாங்கிட்டேன். எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறதில்ல. காசும் கொடுத்துட்டு விளம்பரமும் நானே பண்ணணுமா என்ன :-) அவங்க விக்கிறதுலயே விலை ஜாஸ்தியான மாடல்னு மட்டும் வச்சுக்குங்க. பதினெட்டு மாசத் தவணை. அம்மாகிட்ட நிஜ விலையில மூணுல ஒரு பங்குதான் சொல்லியிருக்கேன், அதுக்கே "ஒரு போனுக்கா?"ன்னு ரெண்டு நாள் பேசல.

ஆபீஸ்ல பார்க்கிற எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்வி. "கேமரா எப்படிடா?" பேசினா எதிர்ல இருக்கிறவனுக்குக் கேக்குதான்னு ஒருத்தனும் கேக்கல. இருநூறு மெகாபிக்சல், பத்து மடங்கு ஜூம், ராத்திரியில பகல் மாதிரி எடுக்கும்னு பெட்டியில போட்டிருந்ததையே நானும் ஒப்பிச்சுக்கிட்டு இருந்தேன், ஊருக்குப் போற வரைக்கும்.

ஊருன்னா நாகரசம்பட்டி. வேலை எலக்ட்ரானிக் சிட்டியில, ரூம் ஓசூர்ல, மனசு மட்டும் காவேரிப்பட்டணம் தாண்டி :-) நான் போனப்ப சாயங்காலம். ஆயா திண்ணையில உக்காந்து புளியில கொட்டை எடுத்துக்கிட்டு இருந்துச்சு. வெயில் இறங்கி, திண்ணையில நிழல் விழுந்த நேரம். புது போனை எடுத்து ஒண்ணு தட்டினேன். அருமையா வந்துச்சு. பின்னாடி சுவரெல்லாம் மங்கலாகி, ஆயா மட்டும் பளிச்சுன்னு, கல்யாண ஆல்பத்துல வர்ற மாதிரி.

ஆயாகிட்ட காட்டினேன். கிட்ட வச்சுப் பார்த்துச்சு, தள்ளி வச்சுப் பார்த்துச்சு.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. என் பச்சை எங்க?"

அப்பதான் நானும் பார்த்தேன். ஆயாவுக்கு மோவாயில மூணு புள்ளி பச்சை குத்தியிருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி குத்தினது. அறுபது வருஷத்துக்கு மேல ஆகி மங்கிப்போய், கிட்டப் போனாத்தான் தெரியும். போட்டோவுல அது இல்ல. முன்னங்கையில ஒரு கோலம் இருக்கும், அது பாசி புடிச்ச மாதிரி ஒரு தீற்றலா வந்திருந்துச்சு. முகத்துச் சுருக்கத்துல பாதியைக் காணோம். என் போன் அதையெல்லாம் அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சிருக்கு.

ஆயா கோபமெல்லாம் படல. உள்ள மாட்டியிருக்கிற தாத்தா படத்தைக் கையைக் காட்டி, "அவருக்கும் இப்படித்தான் பண்ணாங்க"ன்னுச்சு. தாத்தாவுக்கு எடுத்தது மொத்தமே அந்த ஒரு போட்டோதான். எழுபதுகள்ல காவேரிப்பட்டணத்துல ஒரு ஸ்டுடியோவுல எடுத்தது. கன்னத்துல பெரிய மரு ஒண்ணு இருந்துச்சாம். ஸ்டுடியோக்காரர் "அழகா இருக்கட்டும்"னு அதை எடுத்துட்டாராம். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே தாத்தா போயிட்டார். எனக்குத் தெரிஞ்ச தாத்தாவுக்கு மரு கிடையாது.

அந்தக் காலத்து ஸ்டுடியோவுல மருவை எப்படி எடுப்பாங்கன்னு தெரியுமா? நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ். கறுப்பு மரு அங்க வெளுப்பா, வெளிச்சம் புகுந்து வர்ற ஓட்டை மாதிரி இருக்கும். நல்லா சீவின பென்சிலை வச்சு அந்த ஓட்டையைப் புள்ளி புள்ளியா அடைச்சுட்டா, பிரிண்ட்ல அந்த இடம் பக்கத்துத் தோலோட சேர்ந்துடும். பென்சிலும் பொறுமையும் போதும். அப்ப நம்ம ஊட்டியிலயே ஃபிலிம் தயாராச்சு. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்னு 1960ல ஆரம்பிச்ச மத்திய அரசுக் கம்பெனி, 1967ல உற்பத்தியைத் தொடங்கி 'இந்து'ங்கிற பேர்ல வித்தாங்க. தாத்தா பதிஞ்சது அந்த ஃபிலிமாக் கூட இருக்கலாம். அந்தக் கம்பெனியும் இப்ப இல்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். திரும்பி வர்ற வழி பூரா இது மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கூடவே இன்னொரு படம் ஞாபகம் வந்துச்சு. நம்ம ராயக்கோட்டை மலையை 1857-58ல ஒரு வெள்ளைக்காரர் போட்டோ எடுத்திருக்கார். வெளிநாட்டு மியூசியம் ஒண்ணோட இணையத் தொகுப்புல அதைப் பார்த்திருக்கேன். அவரும் கை வச்ச ஆளுதான். மருவை எடுக்கல, மேகத்தைச் சேர்த்தார்.

அவர் பேரு லினேயஸ் டிரைப். 1822ல இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். மீசை முளைக்கிற வயசுல கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்தவர். லீவுல ஊருக்குப் போனப்ப போட்டோ பழகிக்கிட்டார். அப்ப அது புத்தம் புதுசு. டால்பட் காகித நெகட்டிவ் முறைக்குக் காப்புரிமை வாங்கினது 1841ல. டிரைப் திரும்பி வந்து 1854ல ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார், அடுத்த வருஷம் மதராஸ் கண்காட்சியில் அந்தப் படங்களுக்குப் பரிசு கிடைச்சது. அதே 1855ல பர்மா மன்னரைப் பார்க்கப் போன தூதுக்குழுவோட போய் அங்கயும் எடுத்தார். கடைசியில மதராஸ் அரசாங்கம் அவரையே அரசு புகைப்படக்காரரா நியமிச்சுது. பெங்களூருல கூடம் போட்டுக் கொடுத்தாங்க. 1857 டிசம்பர்ல மாட்டுவண்டிகள்ல சாமானை ஏத்திக்கிட்டுத் தெற்கே கிளம்பினார். (பெங்களூருக்கு ரயில் வந்தது 1864லதான்.) ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லாம் அந்த ஒரே பயணத்துல. அந்தப் பட்டியல்ல முதல்ல வர்றது எது தெரியுமா? நம்ம ராயக்கோட்டை. 1858ல அவர் போட்ட தொகுப்புகள்ல ஒண்ணோட தலைப்பே ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் மற்ற இடங்களும்னுதான். அப்ப நாமெல்லாம் சேலம் ஜில்லா. தருமபுரி பிரிஞ்சது 1965ல, கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004ல.

மதுரை மீனாட்சி கோயிலை எடுத்தார், தஞ்சாவூர் பெரிய கோயிலை எடுத்தார்னா புரியுது. ராயக்கோட்டையை ஏன்? மைசூர் சண்டைதான் காரணமா இருக்கணும். 1791ல கம்பெனிப் படை திப்புகிட்ட இருந்து புடிச்ச கோட்டை அது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்துல பாராமஹால் மொத்தமும் கம்பெனி கைக்கு வந்துச்சு. ஜெயிச்ச இடத்தைப் படமாப் பார்க்கிற ஆசை லண்டன்ல ரொம்ப நாளாவே இருந்துச்சு. 1792லயே தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல்னு சித்தப்பனும் மகனும் இந்தப் பக்கம் வந்து ராயக்கோட்டையை வரைஞ்சிருக்காங்க. அவங்க கையிலயும் ஒரு கேமரா இருந்துச்சுங்கிறதுதான் எனக்கு ஆச்சரியம். ஃபிலிம் இல்லாத கேமரா. இருட்டுப் பெட்டிக்குள்ள லென்ஸ் வழியா வெளிக்காட்சி காகிதத்து மேல விழும், அது மேலயே பென்சிலை ஓட்டி வரைஞ்சுக்கலாம். ஆக, நம்ம மாவட்டத்துக்குக் கேமரா வந்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த மலைக்கு முன்னாடி என் போனையும் நிறுத்திப் பார்த்துடலாம்னு முடிவு பண்ணேன்.

அடுத்த ஞாயிறு காலையில ஓசூர்ல இருந்து பைக்கை எடுத்தேன். உத்தனப்பள்ளி பக்கம் நாகமங்கலத்துல டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை இருக்கு. ஐபோனோட வெளிக்கூடு அங்கதான் தயாராகுது. ஷிப்டு முடிஞ்ச பொண்ணுங்களை ஏத்திக்கிட்டு பஸ் வரிசையா போய்க்கிட்டு இருந்துச்சு. எங்க ஊர்ப் பக்கத்துப் பொண்ணுங்களும் நிறைய பேர் அங்க வேலை பார்க்கிறாங்க. உலகம் பூரா வச்சுப் படம் எடுக்கிற பெட்டியோட உடம்பு ராயக்கோட்டைக்குக் கூப்பிடு தூரத்துல உருவாகுதுன்னு டிரைப்கிட்ட சொல்லியிருந்தா சிரிச்சிருப்பார்.

அவரோட பெட்டியைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. நெகட்டிவே கிட்டத்தட்ட பதினஞ்சு அங்குலத்துக்குப் பன்னெண்டு அங்குலம். பெரிதாக்கி அச்சடிக்கிற வசதி கிடையாது, நெகட்டிவ் என்ன அளவோ படமும் அந்த அளவு. அதனால கேமராவே ஒரு டிரங்குப் பெட்டி சைஸ். நல்ல காகிதத்துல மெழுகை உருக்கி ஊற வச்சு, அயோடைடு கரைசல்ல முக்கி, அப்புறம் வெள்ளி நைட்ரேட்ல முக்கி, இருட்டுலயே காய வச்சு எடுத்துட்டுப் போகணும். லெ கிரேங்கிற பிரெஞ்சுக்காரர் 1851ல சொன்ன முறை. கண்ணாடித் தகட்டுல எடுக்கிற முறைக்கு ஈரம் காயறதுக்குள்ள எல்லாத்தையும் முடிக்கணும், நம்ம வெயிலுக்கு அது நடக்கிற காரியம் இல்ல. மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் பண்ணி வச்சுக்கலாம். பதிலுக்கு நிமிஷக்கணக்குல லென்ஸைத் திறந்து வச்சிருக்கணும்.

என் போன்ல ஒரு பிக்சலோட அகலம் 0.6 மைக்ரான். தலைமுடி ஒண்ணோட குறுக்கே நூறு பிக்சல் தாராளமா உக்காரும். அவ்வளவு சின்ன கிணத்துல எத்தனை சொட்டு வெளிச்சம் விழும்? அதனாலதான் இருநூறு மெகாபிக்சல்னு விளம்பரம் பண்ணிட்டு, பதினாறு பிக்சலை ஒண்ணா சேர்த்துப் பன்னெண்டரை மெகாபிக்சல் படமாத்தான் சாதாரணமா தருவாங்க. பத்தாக்குறைக்கு நாம ஒரு தடவை தட்டினா அது பல படம் எடுக்கும். எடுத்த எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தி, சராசரி பார்த்து, புள்ளி புள்ளியா தெரியற இரைச்சலைக் கழிச்சு, இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை அமுக்கி, அப்புறம்தான் காட்டும். கூகுள் 2014 வாக்குல இந்த வழியை நெக்சஸ் போன்கள்ல கொண்டுவந்துச்சு, இப்ப எல்லாரும் அதே ரூட்டுதான்.

மலை ஏறி முடிக்கிறதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு (கோடிங் பண்றவனுக்கு மலை ஏதுக்கு). டிரைப்போட படங்கள்ல ஒண்ணு மேல இருந்து வடக்கு வடமேற்காப் பார்த்து எடுத்தது. அந்தப் பக்கமா நின்னு நானும் தட்டினேன். மார்ச் மாசப் புழுதி. என் கண்ணுக்கு வானம் சாம்பல் கலந்த வெள்ளை. போன்ல பார்த்தா நீலம். அடிச்சு விட்ட நீலம் இல்ல, பார்த்தா நம்பற மாதிரி ஒரு நீலம். போன்ல உள்ள நிரல் 'இது வானம்'னு கண்டுபுடிச்சு அதுக்குத் தகுந்த மாதிரி பண்ணிருக்கு.

டிரைப் பண்ணதும் இதேதான். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல வெளிச்சம் மட்டும்தான் நல்லா உறைக்கும். வானம் முழுக்க நீலம், மேகத்திலயும் வெளிச்சம், ரெண்டும் ஒண்ணாகி மொட்டையா வரும், இல்லன்னா காகிதத்தோட நார் தெரிஞ்சு திட்டுத் திட்டா வரும். அவர் நெகட்டிவோட முதுகுல தூரிகையால வண்ணத்தை மெல்லிசா பூசினார். பூசின இடத்துல வெளிச்சம் குறைவா புகும், அச்சுல அது வெளுப்பா விழும், மேகம் ரெடி. காத்துல ஆடிக் கலங்கிப் போன மரத்து இலைகளையும் இப்படித் தொட்டுச் சரி பண்ணியிருக்கார். அரசாங்கம் அவரை அனுப்பினதே ஓவியனோட கற்பனை கலக்காத பதிவு வேணும்னுதான். அந்தப் பதிவுல மேகம் கைவேலை!

ஜூமைச் சோதிச்சேன். பத்து மடங்கு வரைக்கும் நிஜமாவே பிரமாதம். போனுக்குள்ள லென்ஸைப் படுக்க வச்சு, முப்பட்டகத்தால வெளிச்சத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பி அனுப்பறாங்க, அதனால மெல்லிசான உடம்புக்குள்ளயும் நீளமான லென்ஸ் அடங்குது. கீழ ரோட்டுல தக்காளிக் கூடை ஏத்தின வண்டி போச்சு, கூடையை எண்ணலாம். முப்பது மடங்குக்குப் போனேன். ஒரு கடை போர்டு. எழுத்து எழுத்தா கூர்மையா இருக்கு, ஆனா படிக்க முடியல. தமிழ் இல்ல, தெலுங்கு இல்ல, கன்னடமும் இல்ல. மூணு பாஷையும் புழங்குற ஊர்ல என் போன் நாலாவதா ஒரு லிபியை உண்டாக்கியிருந்துச்சு. தெரியாததைத் தெரியாதுன்னு மங்கலா விட்டிருந்தா மரியாதையா இருந்திருக்கும். ஹூம்.

பனோரமாவும் பார்த்தேன். கோட்டைச் சுவரை இடமிருந்து வலமா எடுத்தா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு வந்துச்சு. நின்ன இடத்துலயே சுத்தறோம் இல்லையா, அதனால. டிரைப் தஞ்சாவூர்ல பண்ணதை இங்க சொல்லியே ஆகணும். பெரிய கோயில் விமானத்தோட அடித்தளத்துல ஓடுற கல்வெட்டை, கேமராவைச் சுவரோட நகர்த்திக்கிட்டே போய்த் துண்டு துண்டா எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். சுமார் 19 அடி நீளம். சுத்தாம நகர்ந்து எடுத்ததால கல்வெட்டு வரி நேரா நிக்குது. 1858ல, தஞ்சாவூர் வெயில்ல. என்னை மாதிரி ஆளுங்க "அல்காரிதம்"னு பீத்திக்கிறதுக்கு முன்னாடி அந்தப் படத்தை ஒரு தடவை பார்க்கணும்.

மேல ஆடு மேய்க்க வந்த ஒரு பெரியவரும், லீவுக்கு வந்த ஸ்கூல் பசங்க நாலு பேரும் இருந்தாங்க. பசங்களை எடுத்தேன், குதிக்கிறப்ப எடுத்தேன், காத்துலயே நிக்கிறாங்க. "அண்ணா, வாட்சப்ல அனுப்புங்க"ன்னு ஒருத்தன் அவங்க அப்பா நம்பரைக் கொடுத்தான். பெரியவர் வேணாம்னு சொல்லிட்டு, அப்புறம் துண்டை உதறிப் போட்டுக்கிட்டு வந்து நின்னார்.

வீட்டுக்கு வந்து டிரைப்போட தென்னாட்டுப் படங்களைத் திரும்ப ஒவ்வொண்ணாப் பார்த்தேன். பெரும்பாலானதுல மனுஷங்களே இல்ல. கோட்டை இருக்கு, பாறை இருக்கு, மரம், கோபுரம், தெப்பக்குளம், வரைஞ்ச மேகம் இருக்கு. 1857 டிசம்பர்ல ராயக்கோட்டையில ஆளில்லாமயா இருந்திருக்கும்? சந்தைக்குப் போயிருப்பாங்க, தண்ணி தூக்கியிருப்பாங்க, 'என்னாடா இவன் துணியைப் போத்திக்கிட்டு நிக்கிறான்'னு வேடிக்கை பார்த்திருப்பாங்க. ஆனா நிமிஷக்கணக்குல திறந்திருக்கிற லென்ஸுக்கு முன்னாடி நடக்கிறவன் பதிய மாட்டான். நின்னவன்தான் பதிவான். எங்க முப்பாட்டன் அந்த ரோட்டுல நடந்தே போயிருந்தாலும் அந்தப் படத்துல காத்தாத்தான் இருப்பார். அந்தக் கேமரா வந்ததும் அவருக்காக இல்ல.

தினசரிப் படம் எடுக்க இந்த போன் தேறுமான்னு கேக்கிறவங்களுக்கு என் முதல் பதில் அந்தப் பசங்கதான். குதிக்கிற பையனை, ஆடு மேய்க்கிறவரை, புளி தட்டுற ஆயாவை, வெளிச்சம் இருக்கோ இல்லையோ, எடுத்துடும். முன்னெல்லாம் எங்க வீட்டுல கேமரான்னா கல்யாணத்துக்கு வர்ற ஆளு கொண்டு வர்றது. அதுக்கப்புறம் ஒரு நோக்கியா வந்துச்சு. ஸ்ரீபெரும்புதூர்ல 2006ல தொடங்கி 2014ல மூடின ஆலையில செஞ்சது. அதுல எடுத்த என் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவுல நான் எதுன்னு எனக்கே தெரியாது :-) அந்தக் கணக்குல பார்த்தா இது எங்கயோ போயிடுச்சு. பகல் வெளிச்சத்துல, பத்து மடங்கு ஜூமுக்குள்ள, தனியா கேமரா வாங்கத் தேவையில்லன்னே சொல்வேன்.

டிரைப்புக்கு என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டுட்டேனே. 1859ல சார்லஸ் டிரெவெல்யன் மதராஸ் கவர்னரா வந்தார். கஜானா காலி, போட்டோ எல்லாம் இப்ப நமக்கு ஆடம்பரம்னு சொல்லி அந்தப் பிரிவை இழுத்து மூடச் சொல்லிட்டார். கிட்டத்தட்ட எங்கம்மா சொன்னதேதான். டிரைப் அப்புறம் பெருசா எதையும் எடுக்கல, 1902ல இறந்தார். 2014-15ல வாஷிங்டன், நியூயார்க், லண்டன்ல அவர் படங்களை மட்டும் வச்சுப் பெரிய கண்காட்சி நடத்தினாங்க.

பச்சைக்கு வர்றேன். ஆயா மோவாயில இருந்த மூணு புள்ளியை போன் ஏன் அழிச்சுது? நான் சாஃப்ட்வேர்ல இருக்கிறவன், அதனால இதைக் கொஞ்சம் தோண்டினேன். ரெண்டு காரணம். ஒண்ணு, முகத்தை மெருகேத்தற வசதி வாங்கும்போதே இயங்குற மாதிரி வச்சிருக்காங்க. பருவு, மரு, புள்ளி எல்லாம் அதுக்குக் கறை. ரெண்டாவது, நிழல்ல வெளிச்சம் குறைவு, இரைச்சல் ஜாஸ்தி. கறுத்த தோல் மேல மங்கின பச்சைப் புள்ளிக்கும் இரைச்சலுக்கும் எண்கள்ல பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு வரம்பு வச்சு அதுக்குக் கீழ இருக்கிறதைத் தட்டிடுவாங்க. எழுதினவன் கெட்டவன் இல்ல. அவன் சோதிச்சுப் பார்த்த ஆயிரம் முகத்துல பச்சை குத்தின கிழவி ஒருத்திகூட இருந்திருக்க மாட்டா, அவ்வளவுதான். இது புதுசும் இல்ல. கோடாக் கம்பெனி 1950கள்ல இருந்து லேப்களுக்கு 'ஷெர்லி' அட்டைன்னு ஒண்ணு அனுப்பும். ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு படம். அவ தோல் சரியா வந்தா நிறம் சரின்னு அர்த்தம். பல வருஷம் நம்ம தோலெல்லாம் அவளை வச்சுத்தான் அளந்தாங்க.

2023 மார்ச்ல ஒரு கூத்து நடந்துச்சு. நிலாவோட படத்தை வேணும்னே கலங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில போட்டு, தள்ளி நின்னு ஒருத்தர் சாம்சங் போன்ல எடுத்தார். திரையில இல்லாத பள்ளமெல்லாம் போட்டோவுல வந்துச்சு. 'நிலாவைக் கண்டுபுடிச்சா விவரங்களை மேம்படுத்தறோம்'னு கம்பெனியும் விளக்கம் கொடுத்தாங்க. பெரிய சண்டை. எனக்கு நிலாவைப் பத்திக் கவலை இல்ல. நிலா எல்லாருக்கும் ஒரே நிலா, அதுக்கு வேற ஆயிரம் படம் இருக்கு, சரிபார்த்துக்கலாம். ஆயாவுக்கு?

டிரைப்போட காகித நெகட்டிவ்கள் பல இன்னும் பத்திரமா இருக்கு. முதுகைத் திருப்பினா பூசின வண்ணம் அப்படியே தெரியும். மேகம் எது, மலை எதுன்னு 160 வருஷம் கழிச்சும் பிரிச்சுச் சொல்லலாம். என் போன் திருத்தினதை மட்டும் வச்சுக்கிட்டு மீதியைக் கடாசிடுது. முதுகே இல்லாத நெகட்டிவ். ஆனா கேட்டா கொடுக்கும். கேமராவுல 'ப்ரோ'ன்னு ஒரு பகுதி இருக்கு, உள்ள போய் 'ரா' கோப்பையும் சேர்த்துச் சேமின்னு சொன்னா, சென்சார் பார்த்ததை ஓரளவுக்கு அப்படியே தரும். பார்க்க சோகையா இருக்கும், இடம் ரொம்ப அடைக்கும். முகத்து மெருகை அணைக்கிற பொத்தான் வேற ஒரு மெனுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. எல்லாத்துக்கும் இப்படிப் பண்ணத் தேவையில்ல, பிரியாணிக்கு எதுக்கு ரா. வயசானவங்களை எடுக்கிறப்ப மட்டும் பண்ணுங்க. கூட கொஞ்சம் வெளிச்சத்துக்கு நகர்த்தி உக்கார வைங்க. எந்த மென்பொருளையும் விட வாசப்படி வெளிச்சம் நல்லா வேலை செய்யும்.

அடுத்த வாரம் ஊருக்குப் போய் அப்படித்தான் எடுத்தேன். காலையில பத்து மணி, வாசப்படி, மெருகு எல்லாம் அணைச்சாச்சு, ரா கோப்போட. சுருக்கம் அத்தனையும் வந்துச்சு. கிருஷ்ணகிரியில பிரிண்ட் போட்டு ஆயா கையில கொடுத்தேன். மோவாயில விரலை வச்சு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுச்சு.

"இப்படியே தாத்தாவுக்கும் அந்த மருவை வச்சுக் கொடுக்க முடியுமா கண்ணு?"

"வைக்கலாம் ஆயா. எந்த இடம்னு நீதான் சொல்லணும்."

எழுந்து போய் தாத்தா படத்துக் கண்ணாடி மேல ஒரு விரலை வச்சுச்சு. கொஞ்சம் மேல நகர்த்துச்சு. அப்புறம் இந்தப் பக்கக் கன்னத்துல இருந்து அந்தப் பக்கக் கன்னத்துக்குக் கொண்டு போச்சு. ரொம்ப நேரம் அப்படியே நின்னுட்டு கையை எடுத்துடுச்சு.

"இரு, உங்க பெரியத்தையைக் கேட்டுச் சொல்றேன்."